நூற்றில் இரண்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும். சோதனைக்குழாயின் சுண்டுவிரல் நகத்தளவு மூடியில் தேதி, பெயர், எண் மூன்றையும் எழுதிவிடுவேன். கண்ணாடி போடாமலே படிக்கலாம். விசாரணைக்கு நீங்கள் எடுத்து வந்திருக்கும் ஆய்வகக் குறிப்பேட்டில் எதெல்லாம் என் எழுத்து என்று கேட்டீர்கள். எல்லாமே என்னுடையதுதான். சிரமப்பட வேண்டாம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவை வைரஸ் தாக்கும். பிழைத்துக்கொண்ட பாக்டீரியா, எதிரியின் மரபணுவில் ஒரு துண்டை எடுத்துத் தன் மரபணுவுக்குள் பத்திரப்படுத்திக்கொள்ளும். அடுத்த முறை அதே எதிரி வந்தால் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் வெட்டிப்போடும். வைரஸும் லேசுப்பட்டதில்லை, தன் மரபணு வரிசையில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு வரும். பாக்டீரியா பல நேரம் அதையும் வெட்டும். இருபது எழுத்தில் பத்தொன்பது பொருந்தினாலே அதற்குப் போதும். இந்தத் தாராளத்தைத்தான் பதினோரு வருடம் ஆராய்ந்தேன். டாக்டர் பட்டம் வாங்கியதும் அதில்தான்.

பாக்டீரியா வெட்டுகிற அதே கத்தரியால் மனித மரபணுவையும் திருத்தலாம். என் தங்கை மகளுக்கு ரத்தம் சரியாக ஊறாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாருடைய ரத்தமாவது ஏற்ற வேண்டும். ஆறு வயது. நர்ஸ் ஊசியோடு தடுமாறினால் அவளே நரம்பைக் காட்டிக்கொடுப்பாள். வாண்டு என்று கூப்பிடுவோம்.

"பெரியம்மா, உன் கத்தரி வலிக்குமா?" என்று கேட்டாள்.

"கண்ணுக்கே தெரியாதுடி, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்றேன்.

அவள் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்துக் கொடுத்தார்கள். நான் திருத்தித் தர வேண்டும், மருத்துவர் அவளுக்கே திருப்பி ஏற்ற வேண்டும். அதற்கு முன் கத்தரி வேறெங்காவது வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. முதல் பரிசோதனையில், நூற்றில் இரண்டு செல்களில் இன்னோர் இடத்திலும் வெட்டு விழுந்திருந்தது. செல் கட்டுமீறிப் பெருகாமல் பிடித்துவைக்கும் மரபணு அது. நாங்கள் தேடிய இருபது எழுத்துக்கும் அதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஆய்வகத்தில் முடிவு கோணலாக வந்தால், குழாய் அழுக்கு, திரவம் பழசு என்று சொல்லி மறுபடி செய்வது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். மறுபடி செய்தேன். மறுபடியும் இரண்டு. மூன்றாம் முறை குறைவான செல்களை எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக வந்தது.

என் உதவியாளரைக் குருவி என்போம். குடுவையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "மேடம், உங்களுக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க." இருவரும் சிரித்தோம். மூன்றாவதை மட்டும் மருத்துவருக்கு அனுப்பினேன்.

பத்து மாதம் வாண்டுக்கு ரத்தமே ஏற்றவில்லை. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். மாநாட்டில் நான் பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பதினான்காம் மாதம் அந்த இரண்டு, தொண்ணூறு ஆகியிருந்தது. ரத்தப் புற்றுநோய். நான்கு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ என்னக்கா பண்ணுவ? உன்னால ஆனதெல்லாம் பண்ணிப் பாத்துட்ட. அவளுக்குக் கொடுத்துவச்சது அவ்வளவுதான்." நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

குற்ற உணர்ச்சி இல்லையா என்றீர்கள். இருக்கிறது. அந்த மாடிப்படியில் கால் வைக்கக் கூசுகிறது. வேறு கத்தரி வடிவமைக்க எட்டு மாதம் ஆகியிருக்கும். அதுவரை இன்னும் பதினோரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும், குழந்தை தாங்க மாட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். தாங்கியிருப்பாள். இன்னோர் ஆய்வகம் எங்களை முந்திவிடும் என்பதைத் தாங்க முடியாதவள் நான்தான். அவளைக் கொன்றவள் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பரிகாரம் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. தங்கைக்கு ஒரு மகனும் இருக்கிறான். மூன்று வயது, அதே நோய். நானே போய்க் கேட்டேன். "உன்ன விட்டா வேற யார நம்புவேன்க்கா?" என்று சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அவன் செல்கள் இப்போது என் இன்குபேட்டரில் இருக்கின்றன. வியாழக்கிழமை ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும்; அதற்குள் விசாரணை முடிந்தால் உதவியாக இருக்கும். கத்தரி பழையதுதான், புதிதாகச் செய்ய நேரமில்லை. ஆனாலும் பட்டுத் திருந்திவிட்டேன். இந்தத் தடவை மூன்றாவது பரிசோதனை வரை போகவே இல்லை. இரண்டாவதிலேயே சுத்தமாக வந்துவிட்டது.