கடைசியாக நன்றாக இருந்த நேரம்

நீ ஊருக்குப் போன பிறகு பத்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், வேதா. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். நீ ஊட்டியபோது இரண்டு தடவை ஏறியது. குறையாகச் சொல்லவில்லை. பழக்கம் இல்லாதவர்களுக்கு அப்படித்தான் ஆகும்.

போனில் வேண்டாம், அன்று காலை நடந்ததை எழுதி அனுப்புங்கள் அத்தான் என்றாய். எழுதுகிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

லால்குடியில் நீ பார்த்த அக்கா வேறு, ஹைதராபாத்தில் நான் பார்த்த பத்மப்ரியா வேறு. சனத்நகரில் எனக்கு வேலை கிடைத்துத்தான் இந்த ஊருக்கு வந்தோம். இரண்டே வருஷத்தில் அவள் மாதாப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆட்டோக்காரரிடம் தக்கினி உருது, பக்கத்து வீட்டில் தெலுங்கு, அமெரிக்காக்காரர்களிடம் ஆங்கிலம் என்று எல்லாம் அவள் வாயில் வந்தது. எனக்குத் தெலுங்கு கடைசிவரை வரவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் என்னிடம் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "மேடம் லேதா?" என்று அவள் இல்லையா எனக் கேட்பார். ஓட்டலில் எனக்கு என்ன வேண்டும் என்பதையும் அவள்தான் சொல்வாள். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவள் முடித்துவிடுவாள். பன்னிரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. அதில் எனக்கு மனக்குறை இருந்ததாக நினைக்காதே.

2011 ஜனவரியில் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வாய் கோணிவிட்டது. கூட வேலை பார்ப்பவர்கள் முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஸ்ரீகாந்த் அவர்களிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக அவங்க நல்லா இருந்தது எத்தனை மணிக்கு? வேலூரில் படித்தவர் என்பதால் எனக்குத் தமிழிலேயே விளக்கினார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது, அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு மேல் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம், எப்போது தொடங்கியது என்று தெரியாதவர்களுக்குப் போடவே மாட்டோம் என்றார். பதினொன்று இருபது என்று ஆபீஸ்காரர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஊசி போட்டார்கள். இரண்டே நாளில் வலது கை அசைந்தது.

பேச்சு மட்டும் மெதுவாகத்தான் வந்தது. அதுவும் முதலில் தமிழ்தான் வந்தது. கரண்டி என்று சொல்ல நினைத்தால் சாவி என்பாள். நேற்று என்பதற்கு நாளை என்பாள். கேட்பவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. எனக்குப் புரியும். நான் நீண்ட விடுப்பு எடுத்திருந்தேன். மாதாப்பூரிலிருந்து அவளைப் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது கேட்டால், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் பதில் சொல்வேன். சரி என்று தலையாட்டுவாள். அந்த ஏழெட்டு மாதத்தில் என்னிடம் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

தீபாவளிக்கு முன்னால் தெலுங்கு திரும்பி வந்தது. பால்கனியில் நின்று தள்ளுவண்டிக்காரரிடம் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினாள். பிறகு ஆங்கிலம் வந்தது. நவம்பரில் மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். வழக்கம்போல நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"ஏங்க, நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பத்தாம் நாள்தான் நீ கேட்கும் நாள். புஷ்பா எட்டு மணிக்கு வீட்டு வேலைக்கு வந்தாள். "ஆமா அக்கா, அம்மா அன்னைக்குக் காபி குடிச்சிட்டு எங்கூட நல்லா பேசிட்டுதான இருந்தாங்க" என்று அவள் உன்னிடம் சொன்னது உண்மைதான். ஆஸ்பத்திரி ஃபைலில் தூங்கி எழும்போதே இப்படி என்று எழுதியிருப்பதும் உண்மைதான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று நீ கேட்டது நியாயமான கேள்வி.

பத்மா பால்கனியில் போனில் பேசிவிட்டு உள்ளே வந்தாள். ஆபீஸில் டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். நீங்களும் வேலைக்குத் திரும்பலாம், இனி எனக்கு யாரும் கூட இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியம் முடியவில்லை. வலது தோள் தொய்ந்து சுவரோடு சரிந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பத்து.

நானும் புஷ்பாவும் அவளைத் தூக்கிக் காரில் உட்காரவைத்தோம். புஷ்பா வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அல்வாலில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். வழியில் பத்மா காரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பாள். பேச்சு போயிருந்தது, ஆனால் அந்த நாலரை மணி நேர விஷயம் அவளுக்கும் தெரியும். சீக்கிரம் போய்விடலாம் என்று சொன்னேன்.

ஸ்ரீகாந்த் அன்று பணியில் இருந்தார். அதே கேள்வியை என்னிடம் கேட்டார். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது நன்றாக இருந்தாள், காலையில் எழுப்பினால் இப்படி இருக்கிறாள் என்றேன். இதை முன்கூட்டியே யோசித்து வைக்கவில்லை. வாயைத் திறந்தபோது அது வந்தது, தடுமாறாமல் முழு வாக்கியமாக வந்தது. அவள் நைட்டியில் இருந்ததும் அதற்குப் பொருத்தமாக இருந்தது.

"நடுவுல எப்பவாவது எழுந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, இளங்கோவன் சார். போன தடவைக்கு அப்புறம் பத்து மாசம் ஆயிருக்கு, இப்பவும் அந்த ஊசி போடலாம். எனக்கு டைம் மட்டும்தான் வேணும்."

"இல்லை டாக்டர். எழுந்திருக்கவே இல்லை."

பத்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இடது கையைத் தூக்கினாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் மறுபடியும் வெளியே வந்தார். படத்தைப் பார்த்தால் இப்போதுதான் ஆரம்பித்த மாதிரி இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி ஊசி போட முடியாது என்றார். வீட்டில் வேறு யாராவது பார்த்திருப்பார்களா என்றும் கேட்டார். நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். அப்போது மணி பத்தரை.

ஒன்று நாற்பது வரை நேரம் இருந்தது. உன்னிடம் எதையும் மறைக்கவில்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன். டாக்டரின் அறை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து இருபது அடி. இரண்டு தடவை கதவைத் திறந்து, "ஏதாவது ஞாபகம் வந்ததா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு டீ குடித்தேன். ஒன்று நாற்பத்தைந்துக்குக் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் நல்ல பசி.

அந்த ஊசியிலும் ஆபத்து இருக்கிறது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மூளையில் ரத்தம் கசிந்து அவள் போயிருந்தால் உனக்கு இன்று அக்கா இருந்திருக்க மாட்டாள். அந்த விதத்தில் அவளைக் காப்பாற்றியது நான்தான். பேச்சுப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பெண்ணைப் போன மாதம் நிறுத்தினதும் அவள் நல்லதுக்குத்தான். பயிற்சியின்போது பத்மா அழுகிறாள். எதற்கு அவளை வருத்த வேண்டும்? இப்போது யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் நான் சொல்லிவிடுகிறேன். இங்கே குடியிருக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று நீயே கேட்டிருப்பாய்.

அவளை லால்குடிக்கு அழைத்துப்போவதாக நீ எழுதியிருக்கிறாய். புஷ்பாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதானாலும், டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதானாலும் செய்துகொள். நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அங்கே அவளை யார் புரிந்துகொள்வார்கள் என்பதை மட்டும் யோசி. நீ கிளம்பும்போது உன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் விரலாக நான்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போ என்கிறாள் என்று நீ வாசலில் நின்று அழுதாய். கூடவே பிறந்தவள், உனக்கே புரியவில்லை பார். அவளுக்குக் குளிர்கிறது, போர்த்திவிடச் சொன்னாள்.