முழு வருகைப் பதக்கமும் டாக்டர் ரூபீனாவும்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பட்டினப்பாக்கத்திலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்து, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் மக்களே, டாக்டர் ரூபீனாவின் கணவர் அப்துல் கய்யூம் அவர்களே, வணக்கம்.

ரூபீனாவும் நானும் ஒரே கிளினிக்கில் அடுத்தடுத்த அறைகளில் பல வருடம் நோயாளிகளைப் பார்த்தோம். இந்தச் சங்கரன் கோபக்காரன் என்று உங்களுக்குத் தெரியும். "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்க சார்" என்று படியேறும்போது ஒருவர் காதில் சொன்னார். முடியாது ஐயா!

பள்ளி வாசலில் பேனர் வைத்திருக்கிறீர்கள். "மாரடைப்பால் காலமானார்." யார் எழுதச் சொன்னது? கடைசிவரை அவருக்கு மருத்துவம் பார்த்தவன் நான். அவரைக் கொன்றது இந்தப் பருவத்தில் புதிதாக வந்த ஃப்ளூ. கய்யூம் பாய், இதை நான் சொல்லலாமா?

"தாராளமா சொல்லுங்க டாக்டர். அவ இருந்திருந்தா அவளே மைக்கைப் புடுங்கி சொல்லியிருப்பா" என்கிறார். எல்லோருக்கும் கேட்டதா?

பள்ளித் தாளாளர் கிரீஷ் அவர்களே, நீங்கள் தந்த அரங்கில் நின்று உங்களையே திட்டுவது மரியாதை இல்லைதான். ஆனால், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பதக்கம் போடுகிறீர்களே, அந்தப் பதக்கத்தை நிறுத்தச் சொல்லி ரூபீனா உங்களிடம் எத்தனை முறை வந்தார்? "மேடம், அது எங்க ஸ்கூல் டிரெடிஷன்" என்று சிரித்து அனுப்பினீர்களே!

அந்த டிரெடிஷன் என்ன செய்தது? ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட மகளோடு கிளினிக்குக்கு வந்தார். "எல்.கே.ஜி.லேர்ந்து ஒரு நாள் லீவு போட்டதில்லை டாக்டர். மெடல் போயிடுமே! காத்தால சிரப் குடுத்து அனுப்பிண்டிருக்கேன்" என்றார். ரூபீனா தலையில் கை வைத்துக்கொண்டார். "சிரப் குடுத்தா சூடு இறங்கும்மா, கிருமி இறங்காது. காய்ச்சல் தெரியறதுக்கு முந்தின நாளே அது பரவ ஆரம்பிச்சிடும். கிளாஸ், வேன், வீட்ல இருக்கற பெரியவங்கன்னு போய்க்கிட்டே இருக்கும்" என்றார். அந்தத் தாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதக்கத்தைக் காட்டி ஆசை மூட்டியது யார்?

பள்ளி வேன் ஓட்டும் கபாலி அதோ நிற்கிறார். "பசங்க எல்லாம் இருமிக்கினு கீதுங்க மேடம். ஜன்னலைத் தொறந்தா ஏசி வண்டிக்குத்தானே பணம் கட்றோம்னு பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க" என்று ரூபீனாவிடம் முறையிட்டவர். அடுத்த வாரமே அவர் படுத்துவிட்டார். மூச்சுத் திணறியவரைப் பார்க்க ரூபீனா அவர் வீட்டுக்கே போனார். முகக்கவசம் போட்டுத்தான் போனார். கபாலி வாந்தியெடுத்து மயங்கியபோது தாங்கிப் பிடித்ததில் கவசம் கழன்று விழுந்தது. கபாலி பிழைத்தார். அழாதே கபாலி, உன் மேல் என்ன தப்பு?

உடம்பு சுட்ட அன்றே ரூபீனா கிளினிக்கைப் பூட்டி, "எனக்கு ஃப்ளூ. யாரும் உள்ளே வர வேண்டாம்" என்று கதவில் எழுதி ஒட்டினார். டாக்டருக்கே காய்ச்சலா என்று தெருவில் சிரித்தார்கள். தன் நோயை ஊரறியச் சொன்ன மனுஷிக்கு, செத்த பிறகு மாரடைப்பு என்று பொய் எழுதுகிறீர்கள். ஃப்ளூ என்று எழுதினால் உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூட்டம் குறைந்துவிடுமென்ற பயம்தானே, தாளாளரே? வெட்கமாக இல்லையா?

அவர் பூட்டிய எங்கள் கிளினிக் திங்கட்கிழமை திறக்கும். அவர் நோயாளிகளை நான் பார்ப்பேன். தடுப்பூசிக்கு வீடு வீடாகக் கூப்பிடுவேன். காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி, கேட்காதவர்களிடம் சண்டை போடுவேன். இது அவர் மேல் ஆணை.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், யாரும் எழுந்திருக்க வேண்டாம். தாளாளர் அவர்களே, இந்தாருங்கள் மைக். இந்த வருடம் அந்தப் பதக்கம் உண்டா, இல்லையா? ரூபீனாவின் கணவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.