மெழுகு போட்ட மம்பட்டி

—அது பால் காய்ச்சுத சட்டில்லா?

—தெரியும் லோகு. சட்டிக்குள்ளயா மெழுக ஊத்தினேன்? சட்டியில வெறும் தண்ணி. தண்ணிக்கு மேல கிண்ணம். கிண்ணத்துக்குள்ளதான் மெழுகு. தேன்மெழுக நேரா அடுப்புல வச்சா பத்திக்கிடும் ளா.

—கிண்ணம் எது?

—கிண்ணமா? அங்கன கெடந்த ஒண்ணு.

—ஏங்க, கிண்ணம் எதுன்னு கேக்கேன்.

—மீனா சின்னப் பிள்ளையில பருப்புச்சோறு தின்ன கிண்ணம். சும்மாதான கெடந்துச்சு...

—நல்லாருக்கு! இனும பேரன் வந்தான்னா மம்பட்டிக்கும் அவனுக்கும் ஒரே கிண்ணம்.

—ஏட்டி, மோந்து பாரு. தேன் வாசம் எப்படி வருது!

—எனக்குத் தேங்காண்ணெ வாசந்தான் வருது. என் பாட்டில்லருந்தா ஊத்தினிய?

—பின்ன? வெறும் மெழுகு கல்லாட்டம் இறுகிப் போவும், இரும்புல தேய்க்க வராது. எண்ணெ கலந்தாத்தான் பைய உருகி ஒட்டும். ஆனா நான் ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்... எண்ணெ பாட்டில் ஏன் இப்படிச் சட்டுச்சட்டுன்னு காலியாவுது? உன் தலையில இருக்கது எலிவாலு. அதுக்கு இவ்வளவு எண்ணெயா?

—எலிவாலாவது இருக்கே! உங்க தலையில எண்ணெ ஊத்துனா நேரா மூக்குலல்லா வந்து நிக்கும்.

—பேச்ச மாத்தாத.

—கோயிலுக்குக் கொண்டு போறேன், விளக்குக்கு. போதுமா?

—குமாரர் கோயில்ல தேங்காண்ணெ விளக்கா? இலஞ்சி ஊரே நல்லெண்ணெதான ஊத்துது?

—சாமி கேக்கல. நீங்க கேக்கிய.

—அதுவும் எனக்கு ஸ்டென்ட் வச்ச பெறவு உனக்கு வந்த பக்தி இருக்கே... தெனமும் கோயிலு. போயிட்டு வார நெத்தியில ஒரு பொட்டு திருநீறு கெடையாது. செருப்பு பூரா செம்மண்ணு.

—சாக்கடைக்கு வாறுகால் வெட்டுதோம்னு தெருவத் தோண்டிப் போட்டிருக்கான். பறந்தா போவ முடியும்? நீங்க கிண்ணத்தப் பாருங்க, பொங்குது.

—பொங்கல... உருகுது. இன்னா, அந்தத் துணிய எடு.

—இது என் மஞ்சச் சேலைல்லா! கிழிச்சாச்சா?

—நான் எங்க கிழிச்சேன்? நேத்து மோட்டார் ரூமத் தொறந்தா அங்கன கெடந்துச்சு.

—...நீங்கதான் எப்பவாவது எடுத்துட்டுப் போயிருப்பிய.

—இருக்கும். சவம், ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்கு. இது அருவாவுக்கு. மம்பட்டிக் கணைக்குத் தனித் துணி. கணை மரப்பிடி பாரு, அதுக்கு ஆளிவிதை எண்ணெ. மரம் குடிச்சுக்கிட்டு உள்ளயே காஞ்சிரும். தொடச்ச துணிய மட்டும் சுருட்டிப் போட்டிராத, விரிச்சுக் கொடியில போடணும். சுருட்டி வச்சா தானாத் தீப்பிடிக்கும்.

—தானா? தீப்பெட்டி இல்லாம?

—ஆமாங்கேன்.

—ஊஞ்சப் பலகைக்கு வெளக்கெண்ணெ தேச்சப்பவும் இப்படித்தான் பெரிய வாத்தியாராட்டம் சொன்னிய. ஒரு நாள்ல காஞ்சிரும்னு. மாப்பிள்ள வெள்ள வேட்டியோட உக்காந்தாரு. எந்திரிக்கையில பலகையும் கூடவே எந்திரிச்சிச்சு.

—அது... அப்ப விவரம் பத்தாது. வெளக்கெண்ணெ லேசுல காயாதுன்னு பெறவுதான் தெரிஞ்சுது.

—மாப்பிள்ளைக்கு மொதல்லயே தெரிஞ்சு போச்சு.

—சிரி, நல்லா சிரி. ஆனா இதப் பாத்துச் சொல்லு. போன வருசம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் மெழுகு போட்டு மோட்டார் ரூம்ல பூட்டுனது. அதுக்குப் பெறவு ஒரு சாரல் சீசன் முழுசாப் பெஞ்சு ஓய்ஞ்சாச்சு. அருவி பக்கத்து வீடுகள்ல கதவுத் தாழ்ப்பாளே துருவேறி உதிருது. நம்ம மம்பட்டியில ஒரு பொட்டுத் துரு... காட்டு பாப்போம்?

—இல்லதான்.

—இல்லல்லா! எலுமிச்சைத் தோட்டத்து இரும்பு வேற. சாறு பட்டா ஒரே ராத்திரியில செவந்து போவும். அதையும் தாங்கி நிக்குதுன்னா அது யாரு கைப்பக்குவம்?

—அதான, யாரு கைப்பக்குவம்!

—நாளைக்கு நம்பிராஜன் வந்து வாங்கையில அசந்துருவான் பாரு. தோட்டத்தக் குத்தகைக்கு விடணும்னு நீயும் ஒம் மவளும் முடிவு பண்ணிட்டிய. மம்பட்டி, அருவா, கவாத்துக் கத்திரி எல்லாம் அவனுக்குத்தாம்னும் சொல்லிட்டிய. சரி, கொடுக்கேன். ஆனா துரு பிடிச்சதக் கொடுத்தேன்னு ஒரு சொல்லு வரப்பிடாது.

—கொடுக்க மனசு இல்லையோ?

—மனசென்ன மனசு... டாக்டர் சொல்லிட்டாரு, மண்ணு வெட்டக் கூடாது, வெயில்ல குனியக் கூடாதுன்னு. நான்தான் மீனா தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டேனே. ஒரு வருசமா தோட்டத்துப் பக்கம் எட்டிப் பாக்கல. நேத்துத்தான் மோட்டார் ரூமத் தொறந்தேன்.

—நேத்துத்தான்.

—நேத்துத்தாங்கேன்.

—அந்த மம்பட்டிய இங்கன கொண்டாங்க.

—எதுக்கு?

—உங்க கைப்பக்குவத்தக் கிட்டத்துல பாக்கத்தான். ...ஏங்க, பூட்டிக் கெடந்த மம்பட்டியில தூசிய எங்க காணோம்? மெழுகு போட்டா தூசி ஒட்டிக்கிடும்னு நீங்கதான சொல்லுவிய.

—தொடச்சேன்.

—எப்ப?

—இப்ப. கொஞ்ச முன்ன. நீ அரிசி களைஞ்சிட்டு இருக்கையில.

—சரி. மெழுகு போட்ட இரும்பு மங்கலால்லா இருக்கும்? இது வாயி மட்டும் வெள்ளிக் கிண்ணமாட்டம் மின்னுது. மண்ணுல தேயாம மம்பட்டி வாயி மின்னுமா?

—நல்ல மெழுகு... மின்னத்தான் செய்யும்.

—பூண் இடுக்குல மண்ணு இருக்கே. போன வருசத்து மண்ணா? இன்னும் ஈரம் காயலயே.

—லோகு...

—கையக் காட்டுங்க.

—கையில என்ன?

—எலுமிச்சை முள்ளு கீறின கீறலு. வாக்கிங் போற பாதையில எலுமிச்சை மரம் குறுக்க வந்துட்டோ?

—வேலிப் பக்கமாப் போனேன், கொம்பு நீட்டிக்கிட்டு... ஏ, போன் அடிக்குது பாரு. மீனாதான். எடு, எடு.

—நல்ல நேரத்துல அடிக்குது உங்களுக்கு. ...சொல்லுளா மீனா. சாப்டாச்சா?

—ஆச்சும்மா. அப்பா எங்க?

—இங்கனதான் இருக்காரு. உன் பருப்புச்சோத்துக் கிண்ணத்துல மெழுகு காய்ச்சுதாரு.

—என் கிண்ணத்துலயா? அப்பா!... சரி, அது கெடக்கட்டும். அம்மா, உண்மையச் சொல்லு. அப்பா தோட்டத்துக்குப் போறாங்களா? ஆசியா அத்தை நேத்து போன்ல சொன்னாங்க. வெள்ளன யாரோ நம்ம தோட்டத்துல மண்ணு வெட்டுத சத்தம் கேக்குதாம்.

—ஆசியாவுக்கு என்ன, வீடு தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கு. தென்ன மட்ட விழுந்தாலும் மம்பட்டிச் சத்தம்னுதான் சொல்லுவா. உங்க அப்பா தெப்பக்குளம் வர வாக்கிங் போறாரு. திரும்பி வாரப்ப பேப்பர் வாங்கிட்டு வாராரு. இட்லி தின்னுட்டு ஒரு தூக்கம். நான் ஒரு நாளு விடாமப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்?

—சத்தியமா?

—என்ன பிள்ளை நீ! பெத்தவ சொல்லுதேன். போயி பிள்ளையக் கவனி.

—சரிம்மா. நாளைக்கு நம்பிராஜன் மாமாகிட்ட சாவியக் கொடுத்துருங்க. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும். வச்சிரவா?

—வையி, வையி. ...என்னங்க, அப்படிப் பாக்கிய? மெழுகு கையில ஒழுகுது பாருங்க.

—ஏளா... பிள்ளைகிட்ட எனக்காவப் பொய் சொன்ன.

—பொய்யா? நீங்க வாக்கிங்தான போறிய? சொல்லுங்க, வாக்கிங்தான?

—தோட்டத்துக்குப் போறேன். போதுமா? முத சாரல் விழுந்த அன்னைக்கே போயிட்டேன். எலுமிச்சை அடிமூட்டுல தண்ணி தேங்கி நின்னா வேரு அழுவிரும் லோகு. வாய்க்கால் வெட்டி வெளிய விடணும். ஒரு நாளுதாம்னு போனேன். மறுநாள் ஒரு காஞ்ச கொம்பக் கழிக்கணும்னு போனேன். பெறவு... காலு தானாத் திரும்பிட்டு.

—நெஞ்சு வலிச்சிச்சா?

—இல்ல.

—என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

—வலியெல்லாம் இல்ல. மூச்சு கொஞ்சம் வாங்கும். வரப்புல உக்காந்தா சரியாயிரும். எல்லாத்தையும் அப்படியே சாச்சு வச்சுப் பூட்டிட்டு, பேப்பர வாங்கிட்டு வந்துருவேன்.

—தெரியும்.

—என்ன தெரியும்?

—வாக்கிங் போன மனுசன் முழங்கால் வர சேத்தோட வந்தா, பொண்டாட்டிக்குத் தெரியாதா? பின்கட்டுக் குழாயில கால் கழுவிட்டு முன்வாசல் வழியா வருவிய. அந்தச் சாமர்த்தியத்தப் பாத்து நான் அடுப்படியில நின்னு எத்தன நாளு சிரிச்சிருக்கேன்.

—எப்பருந்து?

—முத நாள்லருந்து.

—பெறவு ஏன் ஒரு வார்த்த கேக்கல?

—கேக்கத்தான் நெனச்சேன். ஆஸ்பத்திரியிலருந்து வந்து மாசக்கணக்குல செவுத்தப் பாத்துக்கிட்டே இருந்திய. சோத்த வச்சா திம்பிய, எடுத்தா விட்டுருவிய. அன்னைக்கு முத தடவையா, எனக்கு இன்னும் ரெண்டு இட்லி வையின்னு கேட்டிய. நான் என்னத்தக் கேக்க? பயந்துக்கிட்டேதான் இருந்தேன். கேட்டு திரும்பச் செவுத்தப் பாக்க உக்கார வச்சிருவேனோன்னு அதுக்கும் பயந்தேன். ...அழாதிய. மெழுகுல தண்ணி விழுந்தா தெறிக்கும்னு நீங்கதான சொல்லுவிய.

—அப்ப நாளைக்கு சாவிய...

—கொடுக்கத்தான் செய்யணும்.

—லோகு, பாதித் தோட்டமாவது...

—முழுசாக் கேளுங்க. நேத்தே நம்பிராஜன்கிட்டப் பேசிட்டேன். மண்ணு வெட்டு, மருந்தடி, மூட தூக்கு எல்லாம் அவன். மம்பட்டி அவன் வீட்டுல இருக்கட்டும். கவாத்துக் கத்திரி மட்டும் நம்ம வீட்டுல. நின்னாப்புல எட்டுத கொம்ப மட்டும் நீங்க கழிச்சாப் போதும், நானும் கூட வருவேன். "நெல்லையப்பன் அண்ணாச்சி கை படாம அந்த மரம் காய்க்குமா மதினி"ங்கான் அவன். டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு, அது செய்யலாங்காரு. மீனாகிட்ட நான் பைய சொல்லிக்கிடுதேன்.

—இத மொதல்லயே சொல்லப்பிடாதா? காலையிலருந்து கொடுக்க மனசில்லாம இந்த மம்பட்டியத் தேச்சுக்கிட்டு இருக்கேன்.

—நீங்களா உண்மையச் சொல்லுதியளான்னு பாத்தேன்.

—கோட்டிக்காரி... சரி, மம்பட்டி போகட்டும். இந்த மெழுகு டப்பாவையும் அவன்கிட்டயே கொடுத்துருதேன். ஒருக்கா போட்டா ஒரு சாரலே தாங்கும் தம்பின்னு சொல்லி. நானே தெனமும் சேத்துல முக்கி எடுத்திருக்கேன், ஈரத்தோட சாச்சு வச்சிருக்கேன், அப்பவும் துரு அண்டலன்னா... ஏட்டி, என்னத்துக்கு இப்படிச் சிரிக்க?

—டப்பாவ அவனுக்குக் கொடுங்க. கூடவே அந்த மஞ்சச் சேலைத் துணியையும், என் தேங்காண்ணெ பாட்டிலையும் கொடுங்க. உங்க மெழுகு முத வாரத்துச் சேத்தோடயே போயிட்டு. நீங்க இட்லி தின்னுட்டு அசந்து படுத்த பெறவு, கோயிலுக்குன்னு சொல்லிட்டு நான் நேரா மோட்டார் ரூமுக்குத்தான் போவேன், இன்னொரு சாவி எங்கிட்டதான இருக்கு. ஈர மம்பட்டியத் தொடச்சு, வெயில் காட்டி, எண்ணெ போட்டு, நீங்க சாச்சு வச்ச மாதிரியே சாச்சு வச்சுட்டு வருவேன். துரு மம்பட்டின்னா மண்ணு அப்பிக்கிடும், ரெண்டு வெட்டு வெட்டுத எடத்துல நாலு வெட்டணும். அந்த ரெண்டு வெட்டாவது உங்க நெஞ்சுக்கு மிச்சமாவட்டும்னுதான்... குமாரர் கோயில் வாசல மிதிச்சே ஒரு சாரல் ஆச்சு. எந்திரிங்க, கையக் கழுவிட்டு வாங்க, ரெண்டு பேருமாப் போயி ஒரு நல்லெண்ணெ விளக்கு போட்டுட்டு வருவோம்.