மார்செல் வர்ற பஸ்

இல்லைங்க ஐயா, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல இந்த ஊர்ல எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரைத் தொடமாட்டான். ராத்திரி ஹாக்கி இருக்குல்ல. உங்க பஸ் இனி நாளைக்குத்தான் கெளம்பும். உக்காருங்க, டோனட் எடுத்துக்கோங்க. காசு நான் குடுத்துட்டேன்.

புள்ள பேரா? கொரின். ஏழு மாசம். பயப்படாதீங்க, கடிக்க அவளுக்குப் பல்லு இல்ல.

எனக்கு யார்கிட்டயும் பேச வராதுங்க. கடைல ரொட்டி கேக்கவே மனசுக்குள்ள நாலு தடவ சொல்லிப் பாத்துக்குவேன். எங்க வீட்டுக்காரர் ரெஜான் எனக்கு மேல. மரமில்லுல வேலை. வந்தா சூப்பு, சோபா, ஹாக்கி. ஆட்டத்துக்கு நடுவுல இடைவேளை விட்டா போன்ல போக்கர் சீட்டு. சூதாட்டம்னு நெனச்சுடாதீங்க, சில்லறைக் காசு ஆட்டம். ராத்திரி பூரா தோத்தாலும் ஒரு காபிக் காசுதான் போகும்.

அதுலயும் ஒரு நம்பிக்கை பாருங்க. ஒருநாள் இடைவேளை முடிஞ்சும் சீட்ட விடல, கையில ஜோடி ராஜா வந்திருக்கு, என்னவோ யோசனைல தூக்கிப் போட்டுட்டாராம். அந்த நிமிஷமே எங்க டீம் மாண்ட்ரியல் கோல் போட்டுச்சாம். அன்னைலேருந்து ராஜா வந்தா போதும், டீமுக்கு நேந்துவிட்ட மாதிரி கீழ வெச்சுடுவார். தாடியும் எடுக்கறதில்ல. எங்க ஆளுங்க கப்பு அடிக்கறதுக்குள்ள புள்ளைக்கு அப்பன் மூஞ்சி மறந்துடும்.

நானா? நான் பெட்ரூம்ல. மொத மேட்ச் அன்னைக்குப் புள்ளையத் தூங்க வெக்க உள்ள போனேன், ஜெயிச்சுட்டாங்க. அடுத்த மேட்ச்சுக்கு சோபால வந்து உக்காந்தேன், தோத்துட்டாங்க. முடிஞ்சுச்சு கதை. மேட்ச்னா நான் உள்ள, கதவ சாத்திக்கிட்டு. கோவமெல்லாம் இல்லீங்க. எங்க மாமியார் ஒரு சீசன் பூரா கார் ஷெட்ல உக்காந்திருந்தாங்க. அந்த வருஷம் கப்பு வந்துச்சே, என்ன சொல்ல முடியும்?

விஷயம் என்னன்னா, இவருக்கு அந்தச் சீட்டுல ஒரு சிநேகிதர் கெடச்சார். மார்செல்னு பேரு. காஸ்பே கடலோரம் மீன் பிடிச்சு ஓஞ்ச பெரியவர். பொண்டாட்டி இல்ல, முழங்கால் வலி. கையில குப்பைச் சீட்ட வெச்சுக்கிட்டு மலை மாதிரி காசு ஏத்துவார். இவரு நம்பிப் பயந்து கீழ வெச்சுடுவார். கெழவன் எமகாதகன்டின்னு வீட்ல ஒரே புகழ்ச்சி. என்கிட்ட உப்ப எடுன்னு சொல்றதோட சரி. மார்செலுக்குப் போன்ல எழுத ஆரம்பிச்சார்னா நிக்காது. மேஸ்திரி திட்டினது, பல்லு வலி, கெட்ட கனவு, எல்லாம்.

இன்னைக்குக் கடைசி மேட்ச். மார்செல் வீட்டுக்கு வந்தே ஆகணும்னு இவரு ஒத்தக் கால்ல நின்னார். முழங்கால் வலி, பனி, தூரம்னு சொல்லிப் பாத்தாச்சு. மனுஷன் சூப்புக் கிண்ணத்தத் தள்ளி வெச்சுட்டு, உன்ன விட்டா எனக்குப் பேச ஆளில்லன்னு எழுதறார். மனசு கேக்குமா? பஸ்ல வரேன்னு சொல்லியாச்சு. வரலேன்னா இனி அந்தப் போனையும் தொடமாட்டார், சுவத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பார்.

அப்பத்தான் நீங்க பஸ்லேருந்து எறங்கினீங்க. முழங்காலப் பிடிச்சுக்கிட்டு.

ஆமாங்க. நான்தான் மார்செல். உள்ள சும்மா உக்காந்து என்ன பண்றதுன்னு நானும் என் போன்ல அதே சீட்ட ஆடப் போனேன். பொம்பளப் பேரு வெச்சா வம்பு பண்ணுவானுங்க, அதான்.

எந்திரிக்காதீங்க ஐயா. இந்த ஒரு ராத்திரி நீங்க மார்செலா இருந்தா போதும், ஒன்னும் கஷ்டமில்ல. பட்டாணி சூப்பு இருக்கு, பன்னிக்கறி உள்ள வெச்ச ரொட்டி சுட்டு வெச்சிருக்கேன், சோபாலயே படுத்துக்கலாம். தெரியாதது எதையாவது கேட்டா டிவியப் பாத்து நடுவரத் திட்டுங்க, கேட்டதையே மறந்துடுவார். நான் வழக்கம்போல உள்ள இருப்பேன்.

ஒன்னே ஒன்னு. நேத்து எழுதினார், புள்ளையத் தூக்கினா எங்க கீழ போட்டுடுவேனோன்னு கை நடுங்குது, பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னு. அதுக்கு நான் இன்னும் பதில் எழுதல. நீங்க நேர்லயே சொல்லிடுங்க. அவளுக்கும் நடுங்குதாம்னு.