ஆதி சார் வந்தா கத்துது

— மறுபடியும் கத்துது ஆதி சார். ஒரு நிமிசம் வாசப்படியாண்ட போயி நில்லுங்க.

— இன்னாம்மா ஜெனிபர், சூப்பர்வைசரையே வெளிய தள்ளுறியா?

— போங்க சார், சொல்றேன்... பாத்தீங்களா, கம்முனு ஆயிடிச்சு. இப்ப உள்ள வாங்க.

— வந்துகினுதான் கீறேன்.

— கேக்குதா? நீங்க கிட்ட வர வரக் கத்துது. காலையிலேருந்து எல்லா டிடெக்டரும் இதே கதைதான்.

— கதிர்வீச்சு இருந்தாதானே கத்தணும்? டெஸ்ட்டுக்கு வெச்சிருக்கிற சோர்ஸ வெளிய கிளிய வெச்சிட்டியா?

— அது ஈயப் பெட்டியில பூட்டிக் கீது. சாவி உங்க பாக்கெட்ல.

— அப்ப பேஜாருதான். ஆர்டர் குடுத்த எடத்துலேருந்து ஆபீசரு செக் பண்ண வந்துகினு கீறாரு. அவரு முன்னாடி கத்துச்சுன்னா மொத்த லாட்டும் ரிஜெக்ட்டு. சிப்காட் முழுக்க மானம் போவும்.

— அவங்களச் சொல்லியும் குத்தமில்ல. அணுத்துகள வேகமா ஓட்டுற ஆக்ஸிலரேட்டர் குழாக்குள்ள பீம் ஓடும்போது, தடம் மாறி செவுத்துல இடிச்சாதான் இது கத்தி மெஷின நிறுத்தணும். ஆளப் பாத்தெல்லாம் கத்துனா எவன் வாங்குவான்?

— எனக்கே பாடமா?

— கோச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எதுனா எடுத்தீங்களா? சில ஸ்கேனுக்கு ஏத்துற மருந்து, ஒடம்புல இருக்கச் சொல்ல இதுங்களுக்குத் தெரிஞ்சிடும்.

— ஆஸ்பத்திரி வாசலே மிதிக்கல. காலையில நாஷ்டா இட்லி, வடகறி. அதுல இன்னா கதிர்வீச்சு?

— வாட்ச கழட்டிக் குடுங்க... இது இல்ல. பெல்ட்டு?

— பெல்ட்ட கழட்டுனா பேண்ட்டு நிக்காதும்மா.

— கையில புடிச்சிக்கினு நில்லுங்க... பெல்ட்டும் இல்ல. மாட்டிக்குங்க.

— இரு, எனக்குப் புரிஞ்சி போச்சு. இந்த ரூம்ல கெட்ட எனர்ஜி சுத்திக்கினு கீது. இதோ பாரு, கழுத்துல கறுப்பு டாலரு. நேத்துதான் வாங்குனேன். டவர் கதிர்வீச்சு, அணுக் கதிர்வீச்சு, எல்லாத்தியும் உறிஞ்சிடும். இத டிடெக்டர் தலமேல வெச்சா அடங்கிடும்.

— வைங்க, பாப்போம்... எடுங்க. சார், எடுங்க, காது போச்சு.

— இன்னாம்மா இது, பால் மறந்த கொழந்த மாதிரி வீறிடுது.

— ஈயப் பெட்டியத் தொறந்து அந்த டாலர உள்ள போட்டு மூடுங்க... இப்ப கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. கட்டிப் புடிச்சே நில்லுங்க. சத்தம் வருதா?

— வரல. அப்ப கதிர்வீச்சத் தடுக்கிற டாலருலேருந்துதான் கதிர்வீச்சா?

— தோரியம் இருக்கிற மண்ணு எதுனா கலந்து செஞ்சிருப்பாங்க. எங்க வாங்குனீங்க?

— சோழவரத்துல ஒரு கல்யாண மண்டபம். கூட்டம் போட்டு வித்தாங்க. ராத்திரியெல்லாம் நெஞ்சுல ஒரு தெம்பு இருந்திச்சும்மா, பொய் சொல்லல.

— தெம்ப உடுங்க. டிடெக்டருங்க எல்லாம் நல்லாத்தான் வேல செய்யுது, நமக்கு அது போதும். இனிமே ஆபீசரு வரட்டும், தைரியமாக் காட்டலாம்.

— அவரு காரு கேட்டாண்ட வந்துடுச்சும்மா. தோ, எறங்குறாரு...

— அதுக்கேன் சார் மூஞ்சி தொங்கிப் போச்சு? இப்பதான் எதுவும் கத்தாதே.

— கத்தும். நேத்து அந்த மேடையில கழுத்துல ரெண்டு, கையில ஒண்ணு மாட்டிக்கினு பேசி, எனக்கு இத வித்ததே அவருதான்.