வாளியில்லாத வீடியோ

டிக்கோயா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஸ்டூடியோக்காரரிடம் சொன்னார்:

"தம்பி, மகளோட நிச்சயதார்த்த வீடியோவுல வாளிய அழிச்சிட்டீங்க. கூரையிலருந்து சொட்டுற தண்ணி அப்படியே விழுது."

"ஐயோ அக்கா. அந்த மூலைய இருட்டாக்கித்தான் வாளிய அழிச்சேன், சொட்டுற தண்ணியக் கவனிக்கல. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். சம்பந்தியம்மா ஒடனே போன் பண்ணுனாங்க. ஒழுகுற வீடுன்னு தெரிஞ்சிருச்சேன்னு பயந்துக்கிட்டேதான் எடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ஒழுகுற எடத்துல ஒரு வாளி வைக்கக் கூடாதாங்க, எங்க லயத்து வீட்டுல மூணு வச்சிருக்கோமே'ன்னாங்க. அன்னையிலருந்து தினமும் பேசிக்கிறோம். ஒங்களாலதான் தம்பி, நல்லா இருக்கணும் நீங்க."

"அந்தச் சொட்டுற தண்ணியையும் அழிச்சுத் தாரேன் அக்கா."

"வேணாம் தம்பி. வாளியத் திருப்பி வச்சுக் குடுங்க."