நைஜரில் போட்ட ஆழ்குழாய்க் கிணறு

1973 அக்டோபர், கார்ல்ஸ்ரூஹே. டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ் இளைஞர்கள். நிலத்தடி நீர் ஆராய்ச்சி மாணவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தவர் சொன்னார்:

"தொட்டி நிறையத் தண்ணி இருக்கு. அதைச் சுத்தி மாடுங்க செத்துக் கிடக்கு."

"தண்ணி குடிச்சா மாடு சாகுமா? என்னடா கதை விடற?"

"பசிடா. மழைக்காலம் முடியறப்போ குட்டை வத்தும். மாடு மேய்க்கிறவங்க மந்தையை ஓட்டிக்கிட்டுப் புல் இருக்கிற பக்கம் போயிடுவாங்க. நாங்க போட்ட போர் கிணறு இருக்கேன்னு இந்த வருஷம் எல்லாரும் அங்கேயே தங்கிட்டாங்க. புல்லு தீர்ந்துபோச்சு."

"நீயா இடம் பாத்தே?"

"நான்தான். போன வருஷம் தண்ணி வந்தப்போ என்னைத் தோள்ல தூக்கி வெச்சு ஆடினாங்க. இப்பவும் டீ போட்டுக் கொடுத்தாங்க. ஒருத்தர்கூடத் திட்டலை."

"புரொஃபசர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். தண்ணி நல்லா வருதான்னு கேட்டார். வருதுன்னேன். சந்தோஷமாயிட்டார். இன்னும் நாலு இடம் பாக்கச் சொல்லிட்டார்."

"முடியாதுன்னு சொல்லேன்டா."

"சொன்னா என் பிஎச்.டி. போயிடும். போர் போட வேற ஒருத்தன் போவான்."

வண்டி நின்றது. இறங்க எழுந்த நண்பர் கேட்டார்: "எப்போ கிளம்பறே?"

"திங்கட்கிழமை."